புரோநோட்டு சொல்லாத கதை

"ஒப்பு யாருதுவே?"

"நம்மதுதான் அண்ணாச்சி."

"எழுத்து?"

"அது ஆருதுன்னு தெரியாது. வெறும் தாளுல ஒப்பு போட்டுக் குடுத்தேன்."

"ரூவா வாங்குனீரா?"

"ரெண்டு வாங்குனேன். இவன் அஞ்சுன்னு போட்டிருக்கான்."

"என்னைக்கு வாங்குனீரு?"

"ஒக்கி அடிச்ச பொறவு. வாழை எல்லாம் விழுந்து கெடந்துல்லா."

"நோட்டுல 2022 மார்ச்சுன்னுல்லா கெடக்கு. அன்னைக்கு எங்க இருந்தீரு?"

"மஸ்கட்டுல."

"இத ஏன்வே வந்த உடனே சொல்லல?"

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி."

கேள்வி கேட்கும் அண்ணாச்சி, நாகர்கோவிலில் நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த பெரியவர். அவர் சொல்லக் கேட்டது இது. ஆளை அடையாளம் தெரியாதபடி ஊரையும் ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பதில் சொல்கிறவர் கல்குளம் தாலுகாவில் பாட்டத்துக்கு நிலம் எடுத்து ஏத்தன் வாழை போடுகிறவர். கையில் ஒரு கோர்ட்டு சம்மன். அசலும் வட்டியுமாக 5 லட்சத்துக்கு மேல் கேட்டு வழக்கு. வழக்கு எண்ணுக்குக் கீழே, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 37இன்படி என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் பார்த்ததும்தான் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மேற்கண்டபடி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்.

சாதாரண வழக்கில் சம்மன் வந்தால் நம் ஆட்கள் பதறுவதில்லை. வக்காலத்து போடலாம், எதிர்வழக்குரைக்கு வாய்தா வாங்கலாம், சாட்சி விசாரணை வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். கட்டளை 37 அப்படியில்லை. இங்கே பிரதிவாதிக்கு எதிர்வாதம் செய்யும் உரிமை தானாகக் கிடையாது. வழக்கை எதிர்க்க விரும்பினால் முதலில் எதிர்க்க அனுமதி கொடுங்கள் என்று கோர்ட்டைக் கேட்க வேண்டும். வக்கீல்கள் இதை லீவ் டு டிஃபண்ட் என்பார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் சாட்சிக்கூண்டில் ஒருவரும் ஏறாமலே, குறுக்கு விசாரணை என்ற ஒன்று நடக்காமலே வாதிக்குத் தீர்ப்பு. சுருக்கமுறை வழக்கு என்று சொல்வது இதைத்தான். இத்தகைய தீர்ப்பை எதிர்ப்பது எப்படி, எதைக் காட்டினால் கோர்ட்டு கதவைத் திறக்கும், எவ்வளவு காட்டினால் போதும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்த முறை இங்கிலாந்துச் சரக்கு. உண்டியலிலும் புரோநோட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலம் கடத்துவதற்காக மட்டுமே வழக்காடுகிறவர்களை மடக்க 1855இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் பெயரால் அதைக் கீட்டிங் சட்டம் என்பார்கள். 1866இல் அதன் சாயலில் இந்தியாவிலும் ஒரு சட்டம் பிறந்து, பிறகு 1908ஆம் வருஷ நடைமுறைச் சட்டத்தில் 37ஆவது கட்டளையாகக் குடியேறியது. நெடுங்காலம் அது பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற பெரிய நகரக் கோர்ட்டுகளின் சங்கதி. 1976ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகுதான் எல்லா சிவில் கோர்ட்டுகளுக்கும் விரிந்தது. புரோநோட்டு, உண்டியல் மட்டுமன்றி, எழுத்து ஒப்பந்தத்தின்படி இவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லக்கூடிய பணம், ஜாமீன் கடிதத்தின் பேரில் வரவேண்டிய பணம் எல்லாம் இதற்குள் வரும்.

கோர்ட்டும் நாஞ்சில் நாடும் பழைய சிநேகிதர்கள். கர்னல் மன்றோ திருவிதாங்கூர் திவானாக இருந்த 1810களிலேயே பத்மநாபபுரத்தில் ஜில்லா கோர்ட்டு வந்துவிட்டது. 1818இல் நாகர்கோவிலில் மீட் பாதிரியாரே கொஞ்ச காலம் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார். 1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, மலையாளத்தில் எழுதிய அன்னியாயங்களும் ஆதாரங்களும் கட்டுக்கட்டாகக் கூடவே வந்தன. ஆனால் இந்தக் கட்டுரைக்கு எனக்கு வேண்டிய பழமை வேறொன்று.

அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டு ஓலைகளை அ.கா. பெருமாள் பதிப்பித்திருக்கிறார். இது மாதிரியான பழைய ஓலைக் கரணம் ஒன்றைப் படித்துப் பார்த்தால், கொடுத்தவன் வாங்கினவன் மட்டும் இருப்பதில்லை. எந்த ஊரில், எந்த நாளில், எதற்காக, எந்த நிலத்தின்மேல், யார் யார் சாட்சி, ஓலை எழுதினவன் யார் என்று ஒரு சின்னக் கூட்டமே அதற்குள் உட்கார்ந்திருக்கும். தகராறு வந்தால் அந்தக் கூட்டத்தைக் கூப்பிட்டுக் கேட்கலாம். புரோநோட்டு இதற்கு நேர் எதிர். கடைகளில் கட்டாக விற்கும் அச்சுத்தாள். ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப், அதன்மேல் ஒரு ஒப்பு, ஒரு தொகை, ஒரு தேதி. சாட்சி வேண்டியதில்லை. எதற்காகக் கடன் என்று எழுத வேண்டியதில்லை. நிபந்தனை எதுவும் இருக்கவே கூடாது, இருந்தால் அது புரோநோட்டே இல்லை. இப்படி எல்லாவற்றையும் உரித்துப்போட்டதால்தான் அது கைமாற லேசாக இருக்கிறது, கோர்ட்டிலும் வேகமாக ஓடுகிறது. சுருக்கமுறை வழக்கில் பிரதிவாதி செய்யவேண்டிய வேலை, உரித்துப்போட்ட அந்தக் கதையைத் திரும்ப எழுதிக் காட்டுவது. என்றைக்கு, எங்கே, யார் முன்னிலையில், எதற்கு, எவ்வளவு, எப்படித் திருப்பினேன் என்பவற்றை. அனுமதி மனு பற்றி வந்த தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால், பெரும்பாலானவை இந்தக் கதையை எவ்வளவு சொன்னால் போதும் என்ற கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது என் எண்ணம்.

முதலில் நாள் கணக்கு. ஆட்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். சம்மன் கையில் கிடைத்து பத்து நாளுக்குள் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகி, தனக்கு நோட்டீஸ் அனுப்பவேண்டிய விலாசத்தையும் கொடுக்க வேண்டும். இது முதல் பத்து நாள். ஆஜரான பிறகு வாதி, தீர்ப்புக்கான சம்மன் என்று இன்னொன்றை அனுப்புவார். என் வழக்குக்கு எதிர்வாதமே கிடையாது என்று நம்புகிறேன் என வாதி சத்தியம் செய்த அபிடவிட் அதோடு வரும். அது கிடைத்து பத்து நாளுக்குள் பிரதிவாதி அனுமதி மனு போட வேண்டும். இது இரண்டாவது பத்து நாள். முதல் பத்தில் ஆஜரானதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் ஒரு பக்கம். அனுமதி மனுவுக்குப் பதில் வழக்கம்போல எதிர்வழக்குரை தயாரித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் காய்ச்சல், வெளியூர்ப் பயணம் என்ற பழைய மருந்துகள் இங்கே சரியாக வேலை செய்வதில்லை.

ஆஜராகாமலே விட்டு தீர்ப்பாகிவிட்டால் இன்னும் கஷ்டம். சாதாரண எக்ஸ்-பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கட்டளை 9 விதி 13இல் போதிய காரணம் காட்டினால் போதும். கட்டளை 37 விதி 4 கேட்பது விசேஷ சூழ்நிலை. 2003இல் ரஜ்னி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு முடிச்சும் போட்டது. வரமுடியாததற்குக் காரணம் சொன்னால் மட்டும் போதாது, வந்திருந்தால் எதிர்வாதத்துக்கு அனுமதி கிடைத்திருக்கும் என்பதற்கான விஷயங்களையும் அதே மனுவில் காட்ட வேண்டும். ஆக, கதையைச் சொல்லியே தீர வேண்டும். முன்னால் சொன்னால் மலிவு, பின்னால் சொன்னால் விலை ஜாஸ்தி.

இனி அபிடவிட். எதிர்வழக்குரை எழுதிப் பழகிய கைக்கு ஒரு வாடிக்கை உண்டு. வழக்குரையின் 3ஆவது பத்தியில் கண்ட சங்கதிகள் உண்மையல்ல, முற்றிலும் மறுக்கப்படுகின்றன, அவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு வாதியையே சார்ந்தது. நமது கோர்ட்டுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த வாக்கியம் தட்டச்சாகும் என்று எண்ணினால் தலை சுற்றும். அனுமதி மனுவில் இதே வாக்கியத்தைப் போட்டால் மனு அங்கேயே படுத்துவிடும். ஏனென்றால், செலாவணி முறிச் சட்டம் 118ஆம் பிரிவின்படி ஒப்பு உண்மை என்றானதும் பணம் கைமாறியது என்று கோர்ட்டு அனுமானித்துக்கொள்ளும். பொறுப்பு ஏற்கெனவே பிரதிவாதி தலையில். வெறும் மறுப்பு அந்த அனுமானத்தை அசைக்காது என்று 1999இல் பாரத் பேரல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே தீர்ப்பு, சந்தேகமறத் தெளிவாக நிரூபிக்கத் தேவையில்லை, நடந்திருக்க வாய்ப்பு எந்தப் பக்கம் அதிகம் என்று காட்டினால் போதும் என்றும் சொல்கிறது.

வெறும் தாளில் ஒப்பு வாங்கினார்கள் என்ற வாதத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், உண்மையாகவும் இருக்கும். ஆனால் சட்டத்தில் இது தனியாக நின்றால் பலமில்லை. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி ஸ்டாம்ப் ஒட்டிய வெறும் தாளில் ஒப்பு போட்டுக் கொடுத்தாலே அதை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தைக் கொடுத்ததாக ஆகும். 2019இல் பீர் சிங் வழக்கில், நிரப்பாத காசோலையைத் தானாகவே ஒப்பிட்டுக் கொடுத்தவருக்கும் இதே கதிதான் என்று ஆயிற்று. எனவே வெறும் தாள் என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தொகைக்காகக் கொடுத்த தாள், அதில் எந்தத் தொகையை எழுதினார்கள், எந்த நாளில் கொடுத்தது, எந்த நாளைப் போட்டார்கள் என்று போக வேண்டும். நம் வாழைக்காரருக்கு மஸ்கட் அங்கேதான் வருகிறது.

அண்ணாச்சி முதலில் கண்ட வரைவில் இப்படி இருந்ததாம்: வழக்கு புரோநோட்டு மோசடியாக உருவாக்கப்பட்டது, அதில் கண்ட தொகையை நான் வாங்கவில்லை. அடித்துவிட்டுப் புதிதாக எழுதவைத்தார். ஒக்கிப் புயலில் வாழை விழுந்தபின், 2018 ஜனவரியில் வாதியின் கடையில் வைத்து 2 லட்சம் ரூபாய் வாங்கினேன், மறுவாழை போடுவதற்கு, கூட இருந்தவர் இன்னார், மாதம் இவ்வளவு வட்டி, இத்தனை மாதம் கையில் கொடுத்தேன், கடைசி நான்கு தவணை ஜிபேயில் அனுப்பினேன், பாங்கு ஸ்டேட்மெண்ட் இணைத்திருக்கிறேன், 2021 கடைசியிலிருந்து 2023 நடுவரை மஸ்கட்டில் வேலையில் இருந்தேன், பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கம் இணைத்திருக்கிறேன், நோட்டில் கண்ட தேதியில் நாகர்கோவிலில் ஒப்பிட்டிருக்க முடியாது. ஒரு பக்கம்கூட வராது. மோசடி என்ற வார்த்தையே அதில் இல்லை. இருக்கத் தேவையுமில்லை.

இவ்வளவுக்கும் ஆதாரக் காகிதம் வேண்டுமா? வேண்டாம் என்று 1958லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தோஷ் குமார் வழக்கு. 60,000 ரூபாய் காசோலையின் பேரில் வழக்கு. சரக்குக்கு ஈடாகக் கொடுத்த காசோலை அது, சரக்கின் விலையை ரொக்கமாகவும் வேறு காசோலைகளாகவும் தீர்த்துவிட்டேன் என்றார் பிரதிவாதி. விசாரிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட கீழ்க்கோர்ட்டு, கையில் காகிதம் இல்லாததால் ஜாமீன் கட்டச் சொன்னது. நீதிபதி விவியன் போஸ் அதை ஏற்கவில்லை. வாய்ச் சாட்சியத்தால் நிரூபிக்கக்கூடிய எதிர்வாதத்துக்கு, விசாரணை தொடங்கும் முன்பே காகிதம் எங்கே என்று கேட்பது முறையல்ல. நாஞ்சில் நாட்டுக் கடன்களுக்கென்றே எழுதிய தீர்ப்பு போலத் தோன்றும் எனக்கு. இங்கே வட்டி வாங்குகிறவர் ரசீது கொடுத்து யார் பார்த்தது?

அதற்குப் பிறகு 1976இல் மெக்கலெக் வழக்கு, கல்கத்தாவில் பழைய கிரண்மயி தாசி வழக்கில் வகுத்த படிகளை எடுத்தாண்டது. அது நாற்பது வருஷம் வக்கீல்களின் கைப்பிடியாக இருந்தது. 2016 நவம்பரில் ஐடிபிஐ டிரஸ்டிஷிப் எதிர் ஹப்டவுன் வழக்கு அதைத் திருத்தி எழுதியது. இன்றைக்கு நடப்பில் இருக்கும் அளவுகோல் இதுதான். கனமான எதிர்வாதம் இருந்தால் நிபந்தனையில்லாமல் அனுமதி. ஜெயிக்கும் என்று உறுதி சொல்ல முடியாவிட்டாலும் நியாயமான எதிர்வாதம் என்றால் அப்போதும் சாதாரணமாக நிபந்தனை இல்லை. விசாரிக்க விஷயம் உண்டு, ஆனால் ஆளின் நேர்மையில் சந்தேகம் என்றால் பணமோ ஜாமீனோ கட்டவைக்கலாம். கேட்க ஏற்கும்படி இருக்கிறது, நடந்திருக்குமா என்பதுதான் சந்தேகம் என்றால் முழுத்தொகையும் வட்டியும்கூடக் கட்டச் சொல்லலாம். ஒன்றுமே இல்லை, வீம்புக்கு எதிர்க்கிறார் என்றால் மட்டும் அனுமதி மறுப்பு. 2022 ஜனவரியில் பி.எல். காஷ்யப் வழக்கில், அனுமதி கொடுப்பதே வழக்கம், மறுப்பது விதிவிலக்கு என்று இன்னும் அழுத்தினார்கள்.

படிக்க நன்றாக இருக்கிறது. எனக்குள்ள குறை அந்த நான்காவது படியில். ஏற்கும்படி இருக்கிறது, ஆனால் நடந்திருக்காது என்று சாட்சியை ஒரு நிமிஷம்கூடப் பார்க்காமல், அபிடவிட்டை மட்டும் படித்து எப்படிச் சொல்வது? நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஒருவன் வெறும் தாளில் ஒப்பு போட்டுக் கொடுப்பானா என்று நகரத்து நீதிபதி கேட்கலாம். பூதப்பாண்டியிலோ குளச்சலிலோ பிறந்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது. எது நடக்கக்கூடியது என்பது அவரவர் வளர்ந்த தெருவைப் பொறுத்தது. அனுமதி மறுத்தால் வெளிப்படையாகத் தெரியும், மேலே போகலாம். 5 லட்சத்தை நான்கு வாரத்தில் கட்டினால் அனுமதி என்பது, கட்ட முடியாதவனுக்கு மறுப்பின் இன்னொரு பெயர். அதை எதிர்த்துச் சீராய்வுக்குப் போவதென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2004இல் அது வந்தபிறகு சென்னை வரை போகவேண்டாம் என்பது பெரிய ஆறுதல்தான், என்றாலும் கூலிவேலையை விட்டுவிட்டு ஒரு நாள்.

பணம் கட்டும் விஷயத்தில் நேர்மையாளனைக் கடிக்கும் ஒரு விதியும் உண்டு. கேட்ட தொகையில் ஒரு பகுதி பாக்கி என்று பிரதிவாதி ஒப்புக்கொண்டால், அந்தப் பகுதியைக் கட்டாமல் அனுமதி கிடையாது. 2008இல் சதர்ன் சேல்ஸ் வழக்கில் இதைக் கட்டாயம் என்றே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் சிலர் பயந்துபோய் பணமே வாங்கவில்லை என்று சாதிக்கிறார்கள், பிறகு ஜிபே கணக்கு வெளிவந்து மொத்தமாக மாட்டுகிறார்கள். வாங்கினேன் என்பது வேறு, இன்றைக்குப் பாக்கி உண்டு என்பது வேறு. 2 லட்சம் வாங்கினேன், இவ்வளவு திருப்பினேன், உண்மையான தேதியிலிருந்து கணக்கிட்டால் காலாவதியாகிவிட்டது என்று சொல்கிறவர் எதையும் பாக்கி என்று ஒப்புக்கொள்ளவில்லை. அபிடவிட்டில் வினைச்சொல்லைப் பார்த்துப் போட வேண்டும்.

காலாவதிக் கணக்கிலும் ஒரு சிக்கல். கேட்டதும் கொடுக்கவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம். கொரோனா காரணமாக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாட்களை உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டது. 2018 ஜனவரி நோட்டுக்கு இந்தச் சலுகையைச் சேர்த்தாலும் 2023 பிறந்ததோடு கெடு முடிந்துவிடும். வழக்கு போட்டது 2025 தொடக்கத்தில். தேதியை 2022 மார்ச் என்று நிரப்பியது ஏன் என்பது இப்போது புரியும். இதிலே கத்திக்கு இரண்டு பக்கமும் கூர். பணம் கட்டியதைப் பிரதிவாதியே கைப்பட எழுதியோ ஒப்பிட்டோ நோட்டின் முதுகில் வரவு வைத்திருந்தால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருஷம் ஓடத் தொடங்கும். நோட்டின் முதுகைப் பார்க்காமல் காலாவதி என்று எழுதிவிடக் கூடாது.

வேறு ஓட்டைகளும் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை மற்ற பத்திரங்களைப் போல அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது, சாட்சியமாகவே ஏறாது. கட்டளை 37க்குள் வராத ஒரு பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தால் சுருக்கமுறையே பொருந்தாது. சீட்டுப் பிடித்த வகையில் எழுதி வாங்கிய நோட்டு என்றால், சீட்டுத் தகராறுகளைப் பதிவாளரிடம்தான் கொண்டுபோக வேண்டும், சிவில் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்ற 1982ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டத்தின் 64ஆம் பிரிவை எழுப்பலாம். தெருவுக்குத் தெரு சீட்டு ஓடும் மாவட்டத்தில் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது ஆச்சரியம். வட்டிக்கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுத்தால் அவருக்கு எதிராகவே அனுமானிக்கலாம் என்று 1961லேயே குந்தன்லால் வழக்கில் தீர்ப்பு உண்டு. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்தேன் என்று வழக்கில் சொன்னால் கோர்ட்டு வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வாதி பக்கமும் கொஞ்சம் வியர்க்கிறது.

தமிழ்நாட்டின் 2003ஆம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, ஹவர் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் மாவட்டக் கோர்ட்டுகளில் நிற்கும் அனுமதி மனுக்களில் அது பெரும்பாலும் ஒரு வசவுச்சொல்லாகவே வந்துபோகிறது. மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்ற கூட்டல் இல்லாமல் கந்துவட்டி என்று எழுதினால் நீதிபதி அடுத்த பத்திக்குப் போய்விடுவார்.

இவ்வளவு கூர்மையான ஆயுதம் வாதி கையில் இருக்க, நம் பக்கத்து வக்கீல்கள் பலர் புரோநோட்டு வழக்கைச் சாதாரண அசல் வழக்காகவே போடுகிறார்கள். அனுமதி கிடைத்துவிட்டால் எப்படியும் சாதாரண வழக்குதானே, எதற்கு இரண்டு வேலை என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது.

இனி வரப்போவது வேறு மாதிரி. 2015ஆம் வருஷ வணிக நீதிமன்றங்கள் சட்டம், நடைமுறைச் சட்டத்தில் 13-ஏ என்ற புதுக் கட்டளையைச் செருகியது. சுருக்கத் தீர்ப்பு என்று அதற்கே பெயர். முதலில் 1 கோடிக்குக் குறையாத வணிகத் தகராறுகளுக்குத்தான். 2018இல் அந்த வரம்பை 3 லட்சமாக இறக்கிவிட்டார்கள். குலசேகரத்து ரப்பர் ஷீட் வியாபாரியும் தேங்காய்ப்பட்டணத்து மீன் கமிஷன்காரரும் இப்போது இதற்குள் வரலாம். சரக்கு, சேவை, வியாபாரிகளின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் வணிகத் தகராறுதான்.

13-ஏ கட்டளையின் மூலவடிவம் இங்கிலாந்தில் 1999இல் வந்த புதிய சிவில் விதிகளின் 24ஆம் பகுதி. எதிராளிக்கு வெற்றிபெற உண்மையான வாய்ப்பு இல்லை, விசாரணைக்கு வைத்திருக்க வேறு தக்க காரணமும் இல்லை என்றால் வாய்ச் சாட்சியம் இல்லாமலே தீர்ப்பு கேட்கலாம். கட்டளை 37 போல இது வாதிக்கு மட்டுமான ஆயுதமல்ல, பிரதிவாதியும் வாதிமேல் வீசலாம். சம்மன் சேர்ந்தபிறகு, எழுவினாக்கள் வனையும் முன்பு மனு போட வேண்டும். சம்மனே அனுப்பாமல் வழக்கைச் சுருக்கமாகத் தள்ள முடியாது என்று 2017இல் பிரைட் என்டர்பிரைசஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பையே ரத்து செய்தது. எதிர்க்கிறவருக்கு விசாரணைத் தேதிக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. பத்து நாளைவிட மூச்சு விடலாம். ஆனால் பதிலில் கேட்பதும் அதிகம். முக்கியமான சங்கதிகள், சட்டக் கேள்வி, கையிலுள்ள ஆவணங்கள் எல்லாம் வேண்டும். இந்த வழக்கில் எந்த எழுவினாக்கள் எழுகின்றன என்றும் சொல்ல வேண்டும். இப்போது காட்ட முடியாத எந்தச் சாட்சியத்தை விசாரணையில் கொண்டுவரப் போகிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரிதான் உயிர். வாய்ச் சாட்சியை நம்பியிருக்கிறவர், யார் அந்தச் சாட்சி, எதைப் பற்றிப் பேசுவார் என்று இங்கேயே கோடு கிழித்துவிட வேண்டும். சாட்சிகளை விசாரிக்கும்போது தெரியவரும் என்ற பழைய வாக்கியத்துக்கு இதில் இடமில்லை.

அமெரிக்காவில் சிவில் நடைமுறையின் 56ஆம் விதியின் கீழ் இந்தச் சண்டை இன்னும் உக்கிரம். 1986இல் ஒரே வருஷத்தில் வந்த மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, வழக்குரையில் எழுதியதைக் காட்டி அங்கே தப்பிக்க முடியாது, சாட்சியத்தைத் தாளில் வைத்தாக வேண்டும். ஆனால் அங்கே அதற்கு முன்பே எதிராளியை உட்காரவைத்துச் சத்தியத்தின்பேரில் கேள்வி கேட்டு, அவர் வீட்டு அலமாரிக் காகிதம்வரை வாங்கிவிடலாம். இங்கே அந்தக் கட்டம் பெயருக்குத்தான். சாட்சியத்தைத் தோண்டி எடுக்கும் கருவியைக் கொடுக்காமல் சாட்சியத்தைக் காட்டு என்று கேட்பது, துடுப்பு கொடுக்காமல் வள்ளத்தில் ஏற்றுவது போல. யாழ்ப்பாணத்துக் கோர்ட்டுகளில் நடப்பது நமக்குப் பக்கம். இலங்கைச் சிவில் நடைமுறைக் கோவையின் 53ஆம் அத்தியாயத்திலும் பிரதிவாதி ஆஜராகி எதிர்க்க அனுமதி கேட்கத்தான் வேண்டும்.

சாட்சியில்லாமல் முடியும் இன்னொரு வழி கட்டளை 12 விதி 6. எதிராளி ஒப்புக்கொண்டதை வைத்தே தீர்ப்பு. நாஞ்சில் நாட்டு வேளாளரின் மருமக்கள்வழிச் சொத்துரிமை 1926இல் சட்டத்தால் போனது, பாக வழக்குகள் போகவில்லை. அந்த வழக்குகளில் இந்த விதி எங்கேயோ எப்போதோ எழுதிய ஒரு கடிதத்தின் வடிவில் வந்து நிற்கும். அதை எதிர்ப்பதும் இதே வேலைதான், அந்த வரி எந்தச் சூழலில் எழுதியது என்று முழுக்கதையையும் முன்னால் வைப்பது.

வாழைக்காரரின் மனு என்னவாயிற்று? அனுமதி கிடைத்தது. பாஸ்போர்ட் பக்கத்தை நீதிபதி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாராம். ஆனால் பணம் வாங்கியதை ஒப்புக்கொள்கிறார், திருப்பியதற்கு நான்கு தவணைக்குத்தான் கணக்கு இருக்கிறது என்பதால், 1 லட்சம் ரூபாயை நான்கு வாரத்தில் கட்டவேண்டும் என்று ஒரு நிபந்தனை. மதுரைக்குப் போகலாமா என்று பேச்சு வந்தது. போகவரச் செலவையும் வக்கீல் பீஸையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கட்டிவிடுகிறேன் என்றார் அவர்.

1 லட்சத்துக்கு அவர் போனது பக்கத்து ஊரில் தெரிந்த ஒருவரிடம். அந்த ஆள் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டியதும் ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு வெறும் தாள். அண்ணாச்சி கூடவே போயிருந்தார். பேனாவை வாங்கி, தேதி, தொகை, ஊர், வட்டி எல்லாம் தன் கையால் எழுதி, நிரப்பிய தாளைப் போனில் படம் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஒப்பு போடவிட்டாராம்.